மூப்பும் மறதிநோயும்: பாகாயத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

தமிழ் மரபில் முதுமை உடலின் செய்தி மட்டுமன்று. ஆண்டு பல ஆகியும் நரை தோன்றாமைக்குப் பிசிராந்தையார் காட்டும் காரணங்கள் (புறம். 191) மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊர்ச் சான்றோர் என யாவும் சுற்றத்தைச் சார்ந்தவை. தொடித்தலை விழுத்தண்டினாரோ (புறம். 243) கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொல் சொல்லும் முதியவரைக் காட்டுகிறார். ஆயினும் அவருக்கு இளமை நினைவு தெளிவாக இருக்கிறது. நினைவே தேய்ந்துபோகும் முதுமையை எவ்வாறு இனங்காண்பது என்னும் வினா நவீன மருத்துவத்தினுடையது. அவ்வினா வேலூர் வட்டாரத்தில் கூர்மை பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, அதன் சமுதாய நலத்துறை, மனநல மையம் ஆகியவை பாகாயத்தில் அமைந்துள்ளன. அருகிலுள்ள கணியம்பாடி ஒன்றியத்து ஊர்களில் சமுதாய நலத்துறை நெடுங்காலமாகப் பணியாற்றிவருகிறது. எனவே 10/66 மறதிநோய் ஆய்வுக்குழு இந்தியச் சிற்றூர்க் களமாக இவ்வொன்றியத்தைத் தேர்ந்ததில் வியப்பில்லை. உளமருத்துவர் கே.எஸ். ஜேக்கப் இங்கு இவ்வாய்வில் முதன்மைப் பங்காற்றினார். 1998இல் கொச்சியில் தோன்றிய இக்குழுவின் பெயரே ஒரு குற்றச்சாட்டு: மறதிநோயாளருள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, அந்நோய் பற்றிய மக்கள்தொகை ஆய்வுகளுள் 10 விழுக்காடோ அதற்கும் குறைவோதான் அங்கு நடைபெற்றன.

ஏழு நாடுகளில் 11 களங்களில், 65 வயது கடந்த 14,960 பேரிடம் நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2008இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். நான்காம் பதிப்பு வரையறையின்படி கியூபாவில் 6.3 விழுக்காடாக இருந்த மறதிநோய், இந்தியச் சிற்றூர்க் களத்தில் 0.3 விழுக்காடு மட்டுமே. கூட்டுக்குடும்பம் நோயைத் தடுத்துவிட்டது என மகிழ இடமுண்டு போலத் தோன்றும். ஆனால் கல்வி, பண்பாட்டு வேறுபாடுகளைக் கருத்திற்கொண்டு குழு வகுத்த அளவுகோலின்படி எந்தக் களத்திலும் இந்நோய் 5.6 விழுக்காட்டிற்குக் குறையவில்லை.

இடைவெளி எங்கிருந்து வந்தது? டி.எஸ்.எம். வரையறை, நினைவுக் குறைவோடு அன்றாடச் செயற்பாட்டின் வீழ்ச்சியையும் வேண்டுகிறது. அவ்வீழ்ச்சிக்குச் சான்று கூறுவோர் வீட்டாரே. பணம் எண்ணுவதும் அடுப்பு மூட்டுவதும் மருமகளுக்கு மாறிவிட்ட வீட்டில், முதியவர் எதையும் செய்யத் தவறுவதில்லை. ஏனெனில் அவரிடம் எதுவும் எதிர்பார்க்கப்படுவதில்லை. 'வயசாயிடுச்சு' என்னும் ஒரு சொல் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. பின்தங்கிய களங்களில் வீட்டார் இச்சரிவைக் குறைவாகவே தெரிவிக்கின்றனர் என்பதை ஆய்வுக்குழுவும் குறிப்பிட்டது. பரிவே நோயை மறைத்தது எனலாம். பராமரிப்போரின் சுமையும் அதனோடு மறைந்தது.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் தொழிலைச் சேர்த்து நோக்கின் சிக்கல் மிகுகிறது. ஈரத்தோலைத் தூக்கிச் சுமக்கும் தினக்கூலிக்கு ஓய்வு வயது என ஒன்றில்லை. உடல் நிற்கும் நாளே ஓய்வு நாள்.

அரசும் ஏறத்தாழ வீட்டாரின் கண்கொண்டே முதுமையைக் கண்டது. சென்னை மாநிலம் 1962இல் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் மாதம் 20 ரூபாய், அது ஆதரவற்றோருக்கானது. மகன் உள்ளவர் ஆதரவுடையவர் என்பது அதன் உட்பொருள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் பொறுப்பை முதன்மையாகப் பிள்ளைகளிடமே வைத்தது. தமிழகத்தில் அறுபது கடந்தோர் 2011 கணக்கெடுப்பின்படி 10.4 விழுக்காடு, இந்திய அளவில் 8.6. அவர்களுள் நினைவு தேய்ந்தோரை அக்கணக்கெடுப்பு தனியே எண்ணவில்லை.