மந்துரை முதல் லாயம் வரை: தமிழகத்தில் குதிரைப் பயிற்சித் தொழிலும் அதன் பணியாளர்களும்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள குயிலாப்பாளையம் மாடுகளின் ஊர். மாட்டுப் பொங்கல் வந்தால் கொம்புக்கு வண்ணம் பூசுவதில் தொடங்கி மந்தையை விரட்டிவிடுவது வரை எல்லாவற்றையும் ஊரார் பிறவிப் பழக்கமாகச் செய்வார்கள். 1968இல் அருகே ஆரோவில் உருவானபின் செம்மண் தடங்களில் குதிரைகளும் வந்தன. இப்பகுதியில் இயங்கிவரும் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி பயிற்சியோடு போட்டிகளையும் நடத்தியிருக்கிறது. மாடு தெரிந்த கைகள் குதிரையைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. இது குயிலாப்பாளையத்துக்கு மட்டும் உரிய நிலை அன்று. ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழகம் முழுவதும் திரும்பத் திரும்ப நேர்ந்தது.

தமிழகக் குதிரை வரலாறு பெரும்பாலும் கொள்முதல் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது: எந்தத் துறைமுகம், எத்தனை குதிரை, என்ன விலை என்பவையே அதன் கேள்விகள். வந்து இறங்கிய குதிரைக்கு யார் தீனி வைத்தார், யார் பழக்கினார் என்ற கேள்வி ஓரமாகவே நிற்கிறது. அந்தக் கேள்வியை நடுவில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சங்க காலமும் வாதுவரும்

கடல் வழியாகக் குதிரைகள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. குதிரையைப் பழக்கி நடத்துபவனுக்கு 'வாதுவன்' என்று தனிப்பெயர் இருந்தது. கலித்தொகையின் 96ஆம் பாடலில் பரத்தையிடம் சென்று திரும்பிய தலைவன், குதிரையேறி வந்ததாகச் சொல்லித் தப்பப் பார்க்கிறான். தலைவியோ குதிரையின் உறுப்புகளையும் அணிகளையும் ஒவ்வொன்றாகச் சுட்டி, அவன் ஏறிய 'குதிரை' யார் என்று அம்பலப்படுத்துகிறாள். குதிரையேற்ற நுணுக்கம் கேட்போருக்கு ஓரளவு பழகியிருந்தால்தான் இப்படி ஒரு கேலி எடுபடும்.

உரையாசிரியர்களும் நிகண்டுகளும் ஐந்து வகைக் கதிகளையும் பதினெட்டு வகைச் சாரிகளையும் பேசுகின்றன. மல்லகதி, மயூரகதி, வானரகதி என்று நடைக்கு நடை பெயர் உண்டு. கதி குதிரையின் நடை. சாரி அதை வட்டமாகவும் வளைத்தும் ஓட்டும் முறை. லாயத்துக்கு 'மந்துரை', 'பந்தி' என்ற சொற்கள் இருந்தன. ஆக, பயிற்சிக்கலை இங்கே ஒரு சொற்களஞ்சியமாகவே திரண்டிருந்தது.

சோழர், பாண்டியர் காலம்: வந்த குதிரைகளும் மாண்ட குதிரைகளும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'குதிரைச் சேவகர்' என்ற படைப்பிரிவினர் இடம்பெறுகின்றனர். மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் தமிழகக் கோயில்களுக்குக் கொடை அளித்த செய்திகளும் கல்வெட்டில் உண்டு. விற்றவரும் ஏறிப் போரிட்டவரும் கல்லில் பெயர் பெற்றார்கள்.

பாண்டிய நாட்டுக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ தரும் கணக்கு அதிர வைப்பது. பாண்டிய மன்னர் ஐவரும் ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் எழுதுகிறார். லாடம் கட்டவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை, சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்று காரணமும் சொல்கிறார். விற்பனை குறையக் கூடாது என்பதற்காக, லாடக்காரர் யாரும் இந்நாட்டுக்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். பாரசீக ஆசிரியர் வஸ்ஸாபும் மாபார் எனப்பட்ட இப்பகுதிக்குக் குதிரைகள் பெருமளவில் ஏற்றுமதியானதையும் இங்கே தரப்பட்ட பொருந்தாத தீனியையும் குறிப்பிடுகிறார்.

மார்க்கோ போலோவின் கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. கதிக்கும் சாரிக்கும் பெயர் வைத்த சமூகத்துக்குக் குதிரையே தெரியாது என்பது பொருந்தாது. அரேபிய, பாரசீக வறண்ட நிலத்தில் வளர்ந்த விலங்குக்கு நம் கடற்கரையின் புழுக்கமும் புல்லும் ஒத்துக்கொள்ளாததும் ஒரு காரணம். எண்ணிக்கை இன்னொரு காரணம். ஓர் ஆள் இரண்டு குதிரைகளைப் பார்ப்பதாகக் கொண்டால்கூட, ஒரு மன்னர் வாங்கிய இரண்டாயிரத்துக்கு ஆயிரம் பேர் வேண்டும். பணத்தைக் கொட்டிக் குதிரையைக் கப்பலில் வரவழைக்கலாம். ஆயிரம் வாதுவரை அப்படி வரவழைக்க முடியாது. கலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். போதுமான எண்ணிக்கையில் இல்லை என்பதே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

விஜயநகரமும் செஞ்சியும்

விஜயநகர அரசு இந்தப் பாடத்தை ஓரளவு கற்றது. அரசர் ஆண்டுக்குப் பதின்மூவாயிரம் குதிரைகளை வாங்கியதாக எழுதும் போர்த்துக்கீசியரான நூனிஸ், அவற்றைப் பராமரிக்க ஆயிரத்து அறுநூறு பணியாளர்கள் இருந்ததையும் சேர்த்தே சொல்கிறார். தேர்ந்த குதிரைகளை அரசர் தம் லாயத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தலைவர்களுக்குப் பகிர்ந்தார். குதிரைக் கணக்கோடு ஆள் கணக்கும் இடம்பெறுவது இங்கே கவனிக்கத்தக்கது.

குயிலாப்பாளையத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்குப் போனால், கோட்டைக்குள் கல்யாண மகாலை அடுத்துக் குதிரை லாயம் இன்றும் நிற்கிறது. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட செஞ்சி அரசன் தேசிங்கு ராஜனின் கதைப்பாடலில், யாராலும் அடக்க முடியாத பாராசாரி என்ற குதிரையை அடக்குவதே வீரத்தின் முதல் சான்று. அடங்காக் குதிரையை ஒரே நாளில் ஒருவன் அடக்கிவிடுவதைக் கதை கொண்டாடுகிறது. லாயத்து வேலையோ இதற்கு நேர்மாறு: நாள்தோறும், அவசரமின்றி, ஒரே கையால் பழக்குவது.

சொற்கள் சொல்லும் சாட்சி

பயிற்சி அறிவு யார் யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. மந்துரையும் வாதுவனும் பழைய அடுக்கு. ஜீனி, லகான், சவாரி, சவுக்கு ஆகியவை பாரசீகத் தொடர்பால் வந்த இடை அடுக்கு. சாலிஹோத்திரர் என்ற முனிவர் பெயரிலிருந்து குதிரை வைத்தியருக்குச் 'சலூத்ரி' என்ற பெயர் வந்தது. ஜாக்கி, டிரைனர் என்பன ஆங்கில அடுக்கு. அரபு வழி வந்த 'சைஸ்' என்ற சொல்லோ ஆங்கிலேயர் காலத்தில் பரவி இன்றும் பந்தய லாயங்களில் புழங்குகிறது.

ஏட்டறிவும் இருந்தது. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திர நூலைத் தஞ்சை சரஸ்வதி மகால் 1952இல் ஓவியங்களுடன் பதிப்பித்தது. ஆனால் லாயத்தில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் ஏடு படித்தவர்கள் அல்லர். அவர்கள் கல்வி கைவழியே வந்தது.

ஆங்கிலேயர் காலம்

சென்னை மாகாணத்தில் குதிரை வைத்திருந்த ஒவ்வொரு துரையும் ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரரையும் ஒரு புல்வெட்டியையும் வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. புல்வெட்டும் வேலை பெரும்பாலும் குதிரைக்காரரின் மனைவிக்கு உரியது. ஆகவே லாயத்தின் அடிப்படை அலகு ஒரு குடும்பம். வேகவைத்த கொள்ளே முக்கியத் தீவனம். ஆங்கிலத்தில் கொள்ளுக்குக் குதிரையின் பெயரே நிலைத்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்த 'வேலர்' குதிரைகள் படைக்குப் பயன்பட்டன. ஓசூரில் படைக்கான குதிரைப் பண்ணை இருந்தது. 1903இல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது.

கிண்டியில் 1777 முதல் பந்தயம் நடந்துவந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. தமிழக அரசு 1974இல் பந்தயத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 1996இல் உச்ச நீதிமன்றம், பந்தயம் குருட்டு அதிர்ஷ்டம் அன்று, திறமை சார்ந்தது எனத் தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சத்தோடு பயிற்சியும் ஓட்டுபவரின் திறமையும் அதற்கு அடிப்படையாக எண்ணப்பட்டன. பயிற்சி ஒரு திறமை என்று சட்டத்தின் மொழியிலேயே பதிவான இடம் இது.

இன்றைய லாயம்

இன்றைய பயிற்சி லாயத்தின் வேலை விடியுமுன் தொடங்குகிறது. பணியாளர் முதலில் பார்ப்பது தொட்டியை: இரவு வைத்த தீனி மிஞ்சியிருக்கிறதா? அடுத்துச் சாணத்தை. பிறகு முழங்காலிலிருந்து குளம்பு வரை உள்ளங்கையால் தடவுகிறார். ஒரு காலில் மட்டும் சூடு கூடுதலாகத் தெரிந்தால் அன்றைக்குச் சவாரி இல்லை. கம்பியால் குளம்பின் அடியில் சேர்ந்த மண்ணைச் சுரண்டி எடுப்பதும் அவர் வேலை.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் இரைப்பையும் உடலை நோக்கச் சிறியது. அதனால் தீனியைப் பிரித்துப் பிரித்துத்தான் வைக்க வேண்டும். ஒரே வேளையில் கொட்டினால் வயிற்றுவலியில் உயிரே போகலாம். ஏறத்தாழ ஐந்து வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் பயிற்சியைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. இவற்றில் எதுவும் பயிற்சியாளர் ஒருவரால் ஆவதில்லை. அவர் குதிரையோடு இருப்பது ஒரு மணி நேரம். மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் பணியாளர் பொறுப்பு. அவர் அடிக்கடி மாறினால் ஒவ்வொரு முறையும் குதிரை புதிய கைக்குப் பழக வேண்டும். முந்தையவர் கண்ட சிறு அறிகுறிகளும் அவரோடு போய்விடும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, தமிழகத்தில் குதிரைக்கு எக்காலத்திலும் பணம் கிடைத்தது. பழகிய ஆள்தான் போதுமான அளவில் கிடைக்கவில்லை. இரண்டு, பராமரிப்பு அறிவு ஏட்டைவிடக் குடும்பம் வழியாகவே கடத்தப்பட்டது. குடும்பம் தொழிலை விட்டால் அறிவும் அற்றுப்போகும். மூன்று, பணியாளரைக் கணக்கில் சேர்த்த லாயமே நிலைத்தது. குயிலாப்பாளையம் போன்ற ஊர்களில் இன்று இத்தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நிலையான ஊதியமும் முறையான பயிற்சியும் தருவது கருணை அன்று, தொழிலின் அடித்தளம்.

செஞ்சிக் கதை பாராசாரி, நீலவேணி என்ற இரண்டு குதிரைகளின் பெயரை முந்நூறு ஆண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அவற்றுக்குக் கொள்ளு வேகவைத்தவரின் பெயர் மக்கள் நாவில் இல்லை.