திரௌபதி அம்மன் வழிபாடு

பாரதக் கதையின் நாயகியைக் குலதெய்வமாகவும் கிராம தேவதையாகவும் போற்றும் இச்சம்பிரதாயத்துக்கு, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியை அடுத்த மேலச்சேரியே மூலஸ்தானம் என்பது பக்தர்களின் நம்பிக்கை. பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்துமாக நாட்கணக்கில் நடைபெறும் உற்சவம், மல்லாந்து கிடக்கும் துரியோதனனது பெரிய மண்ணுருவத்தின் தொடையைப் பீமவேடதாரி பிளக்க, அதுவரை விரிந்த கூந்தலோடிருந்த பாஞ்சாலி அங்கு வைத்த செந்நீரைத் தடவிக் குழலை அள்ளி முடிக்கும் படுகளத்தில் உச்சமுற்று, மஞ்சளாடை உடுத்துக் காப்புக் கட்டிய விரதிகள் அன்று மாலை தீமிதிப்பதோடு நிறைவெய்தும். வேடதாரிக்கே அருள் வந்துவிடுவதும் உண்டாதலின், இதனை வெறும் நாடகமெனல் பொருந்தாது.

ஐஸ்லாந்தில் 1972ஆம் ஆண்டு சங்கம் அமைத்து, ஓடின், தோர் முதலிய புராதன தெய்வங்களின் ஆராதனையைப் பழைய ஏடுகளின் துணைகொண்டு மீட்டவர்கள் ஏறத்தாழ ஆயிரமாண்டு இடைவெளியைத் தாண்ட வேண்டியிருந்தது. இங்கோ காவியம் கூத்தர் நாவிலும் பிரசங்கியார் நாவிலும் இடையறாது வாழ்ந்து, கடல் கடந்த தமிழரோடு சிங்கப்பூர், பீஜி, ரீயூனியன் தீவுகளுக்கும் சென்றது. அடியாரை ஒன்றுகூட்டும் இவ்வழிபாடு அவர்களைப் பிரித்ததும் உண்டு. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில், பட்டியலினத்தாரின் ஆலயப்பிரவேசம் குறித்து எழுந்த பூசலால், 2023 ஜூனில் அதிகாரிகள் சன்னிதியைப் பூட்டி முத்திரையிட நேர்ந்தது.