உங்க மாடு எத்தனை கிலோ? கூண்டுக்கு அடியில் டிஜிட்டல் தராசு: எப்படி வேலை செய்கிறது, யாருக்குத் தேவை?

எண்ணூர் துறைமுகம் நோக்கிப் போகும் ஏற்றுமதி கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் எடைச்சீட்டு உண்டு. 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்காத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. நெட்டுக்குப்பம் பக்கம் அரை கிலோ சங்கரா வாங்கினாலும் டிஜிட்டல் தராசில்தான் போட்டுத் தருகிறார்கள்.

ஆனால் அதே சாலையோரம் அசைபோட்டுக்கொண்டு நிற்கும் பசு எத்தனை கிலோ? மாட்டுக்காரரைக் கேட்டால், "ஒரு முந்நூறு, முந்நூத்தம்பது இருக்கும்" என்பார். சந்தையிலும் கண்மதிப்புதான். பல சந்தைகளில் இன்றும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். தராசு என்ற பொருளே அந்த வியாபாரத்தில் கிடையாது.

மாட்டைப் பிடித்து நிறுத்தும் இரும்புக் கூண்டுக்கு அடியில் மின்னணுத் தராசைப் பொருத்தி, ஒவ்வொரு மாட்டின் எடையையும் மாதாமாதம் பதிவது நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பண்ணைகளில் சாதாரண வேலை. நம்ம ஊரில் அரசுப் பண்ணை, பல்கலைக்கழகப் பண்ணைகளைத் தாண்டி அது பெரிதாக வரவில்லை. வீட்டை ஒட்டி நாலு மாடு வைத்திருப்பவருக்கு இதனால் பயன் உண்டா?

எடை தெரியாவிட்டால் என்ன நஷ்டம்?

முதலில் மருந்து. உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் போடும் ஐவர்மெக்டின் 1 சதவீத ஊசியின் அளவு, 50 கிலோ உடல் எடைக்கு 1 மில்லி. 400 கிலோ மாட்டை 300 கிலோ என்று நினைத்தால் 8 மில்லிக்குப் பதில் 6 மில்லிதான் போகும். புழு முழுசாகச் சாகாது. பிழைத்த புழுக்களில் மருந்துக்கு அசராதவை பெருகி, சில வருடத்தில் அந்த மருந்தே வேலை செய்யாமல் போகும். கூடுதலாகப் போட்டால் காசும் வீண், சில மருந்துகளில் ஆபத்தும் உண்டு.

பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அது கிடேரிக் கன்று.

கலப்பினக் கிடேரிக்கு முதல் சினை ஊசி போட வயதைவிட எடைதான் முக்கியம். சுமார் 250 கிலோ வர வேண்டும். பிறக்கும்போது 25 கிலோ இருந்த கன்று ஒரு நாளைக்கு 450 கிராம் ஏறினால் 500 நாளில், அதாவது பதினாறரை மாதத்தில், 250-ஐத் தொடும். 300 கிராம்தான் ஏறுகிறது என்றால்? 750 நாள். எட்டு மாதம் தள்ளிப் போகிறது. அந்த எட்டு மாதமும் தீவனச் செலவு உண்டு, பால் கிடையாது.

இந்த இரண்டு கன்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் முதல் மாதத்தில் வித்தியாசம் நாலரை கிலோதான். எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் கண்ணால் பிடிக்க முடியாது. தினமும் பார்க்கிற மாட்டில் மாற்றம் இன்னும் தெரியாது.

தீவனக் கணக்கும் எடையை வைத்துத்தான். கலப்பினப் பசுவுக்கு, ஈரம் நீக்கிய கணக்கில், உடல் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் தீவனம் வேண்டும்.

டேப் போதாதா?

பெரும்பாலும் போதும். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் தீவனச் சரிவிகிதத் திட்டத்தில் மாட்டின் எடையைக் கணித்ததும் டேப்பை வைத்துத்தான்.

முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி ஓர் அளவு. தோள்முனையில் இருந்து பின்புறம் வாலடிப் பக்க எலும்பு முனை வரை நீளம் ஓர் அளவு. இரண்டும் இன்ச்சில். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். ஷேஃபர் சூத்திரம் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதுதான்.

சுற்றளவு 66 இன்ச், நீளம் 56 இன்ச் என்றால் எடை சுமார் 370 கிலோ. மருந்து அளவுக்கு இது தாராளமாகப் போதும்.

சிக்கல் எங்கே என்றால், அதே மாட்டை இன்னொருவர் கொஞ்சம் தளர்வாகப் பிடித்து 67 இன்ச் என்று எழுதினால் 381 கிலோ ஆகிவிடுகிறது. ஒரு இன்ச் தவறினால் 11 கிலோ. இளம் மாடு ஒரு மாதம் முழுக்க ஏறுகிற எடையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். மாட்டின் எடை என்ன என்ற கேள்விக்கு டேப் பதில் சொல்லும். போன மாதத்தைவிட ஏறியதா, இறங்கியதா என்று கேட்டால் தடுமாறும்.

லாரி எடை மேடையில் ஏற்றினால்?

எண்ணூர், மணலி சாலைகளில் எடை மேடைக்குப் பஞ்சமே இல்லை. மாட்டை மினி வேனில் ஏற்றி ஒரு எடை, இறக்கிவிட்டு வெறும் வண்டி ஒரு எடை, கழித்தால் மாட்டின் எடை. விற்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க இது ஓரளவு உதவும். இரண்டு தடவையும் டிரைவர் ஒன்று உள்ளே இருக்க வேண்டும், இல்லை வெளியே இருக்க வேண்டும்.

ஆனால் பல டன் லாரிக்காகக் கட்டிய மேடை பொதுவாக 5 அல்லது 10 கிலோ படியாகத்தான் எண் காட்டும். இரண்டு எடையைக் கழிக்கும்போது பிழையும் இரண்டு பக்கமும் சேரும். மாதாந்திரக் கணக்குக்கு இது ஆகாது. அதோடு, மாதாமாதம் மாட்டை வண்டியில் ஏற்றி இறக்குவது மாட்டுக்கும் நல்லதல்ல.

கூண்டுத் தராசு எப்படி வேலை செய்கிறது?

லாரி மேடைக்குள் இருப்பதும் மளிகைக் கடைத் தராசுக்குள் இருப்பதும் ஒரே சமாச்சாரம்தான். பெயர் லோடு செல். ஓர் உலோகத் துண்டு. பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பிப் படலம் இழுபடும்போது மின்தடை மாறும். அந்த மாற்றத்தை டிஸ்ப்ளே பெட்டி கிலோவாக மாற்றிக் காட்டும்.

மாட்டுக்கு வருவது பெரும்பாலும் இரண்டு நீளமான இரும்புக் கட்டைகள். ஒவ்வொன்றின் இரு முனையிலும் ஒரு லோடு செல், ஆக மொத்தம் நான்கு. மாடு முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் நான்கும் சேர்ந்து கூட்டுத்தொகை சொல்லும்.

மாட்டுத் தராசுக்கும் மளிகைத் தராசுக்கும் உண்மையான வித்தியாசம் டிஸ்ப்ளே பெட்டிக்குள் இருக்கிறது. மாடு சும்மா நிற்காது. கால் மாற்றும், வால் வீசும், எண் ஏறி இறங்கி ஆடும். கால்நடைக்கென்று செய்த பெட்டி சில விநாடி அளவுகளைச் சராசரி எடுத்து, நிலைத்த எண்ணைப் பிடித்து நிறுத்திக் காட்டும். சாதாரண பிளாட்பார்ம் தராசு வாங்குபவர்கள் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது அவசியம்.

பொருத்தும்போது எங்கே தப்பு நடக்கும்?

தராசு சரியாக இருந்தாலும் எடை தப்பாக வர நிறைய வழி உண்டு. பெரும்பாலானவை கூண்டில்தான்.

கால்நடை மருந்தகங்களில் மாட்டை நிறுத்தும் கம்பிச் சட்டத்தை 'டிராவிஸ்' என்பார்கள். அதன் கால்கள் தரையில் சிமென்ட் போட்டுப் புதைத்திருக்கும். அப்படிப்பட்ட சட்டத்துக்குள் ஒரு பலகையை மட்டும் வைத்து, அதன் அடியில் தராசு வைத்தால், மாடு பக்கவாட்டுக் கம்பியில் சாயும்போதெல்லாம் எடையில் ஒரு பங்கு கம்பி வழியாகத் தரைக்குப் போய்விடும். டிஸ்ப்ளேயில் எண் குறையும். அதனால் முடிந்தவரை கூண்டு முழுவதையும் தராசுக் கட்டைகள் மேல் உட்கார வைப்பதுதான் நல்லது. மாடு எங்கே சாய்ந்தாலும், எங்கே முட்டினாலும் பாரம் தராசுக்கே வரும். கூண்டின் எடையைப் பெட்டியில் பூஜ்ஜியமாக்கிவிடலாம்.

அப்போது கூண்டு எதையும் தொடக் கூடாது. சுவர், வேலி, நுழைவுப் பலகை எல்லாவற்றில் இருந்தும் இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும்.

இங்கே அதிகம் நடக்கிற தப்பு ஒன்று, மூக்கணாங்கயிறு. மாடு மிரளாமல் இருக்கக் கயிற்றை வெளியே இருக்கும் கம்பத்தில் கட்டிவிடுகிறோம். இல்லையென்றால் ஓர் ஆள் வெளியே நின்று இழுத்துப் பிடிக்கிறார். கயிறு மேல்நோக்கி இழுத்தால் எடை குறையும், கீழ்நோக்கி இழுத்தால் கூடும். கயிற்றைக் கூண்டிலேயே கட்ட வேண்டும், இல்லையென்றால் தளர விட வேண்டும்.

தரை கெட்டியான காங்கிரீட்டாக, மட்டமாக இருக்க வேண்டும். நெட்டுக்குப்பம் மாதிரி மணல் தரையில் ஒரு மூலை அமுங்கினால் கணக்கே மாறிவிடும். மேலே ரப்பர் பாய் போடாவிட்டால் குளம்பு வழுக்கும். ஒருமுறை வழுக்கிய மாடு அடுத்த மாதம் கூண்டுப் பக்கமே வராது.

கடலோரத்துக்கு இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. சாணி, கோமியம், உப்பு மூன்றும் சேர்ந்தால் சாதாரண இரும்பு ரொம்ப நாள் தாங்காது. லோடு செல் துருப்பிடிக்காத எஃகில், தண்ணீர் புகாதபடி அடைத்ததாக இருக்க வேண்டும். ஒயர் இணைப்புப் பெட்டிக்குள் ஈரம் போனாலே எண் தானாக நகர ஆரம்பிக்கும். ஒயரை எலி கடிக்காமல் குழாய்க்குள் விடுவது நல்லது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆளைக் கூப்பிடத் தேவையில்லை. பிரிக்காத 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்று போதும். நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். எல்லா மூலையிலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். ஒரு மூலையில் மட்டும் குறைந்தால் அங்கே அடியில் கல்லோ காய்ந்த சாணியோ சிக்கியிருக்கும். ஒவ்வொரு மாடு ஏறும் முன்பும் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். முந்தைய மாடு போட்ட சாணி அடுத்த மாட்டின் கணக்கில் ஏறிவிடும்!

காலையில் 370, சாயங்காலம் 410?

தராசு பழுது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கறவை மாடு வெயில் நாளில் 50 லிட்டருக்கு மேலேயும் குடிக்கும். தின்ற தீவனம், கறக்காத பால் எல்லாம் எடையில் சேரும். அதனால் எப்போதும் ஒரே நேரம், ஒரே நிலை. காலையில் பால் கறந்த பிறகு, தீவனமும் தண்ணீரும் வைப்பதற்கு முன்னால் என்று வைத்துக்கொண்டால், இந்த மாதத்தையும் போன மாதத்தையும் ஒப்பிடலாம்.

நல்ல எடை காட்டுகிறது என்பதற்காக மாடு நலமாக இருக்கிறது என்றும் முடிவு கட்ட முடியாது. 2019 அக்டோபரில் திருமுல்லைவாயலைச் சேர்ந்த ஒரு பசுவின் வயிற்றில் இருந்து 52 கிலோ குப்பையைச் சென்னை கால்நடை மருத்துவர்கள் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பெரும்பகுதி பிளாஸ்டிக். அந்த 52 கிலோவையும் தராசு மாட்டின் எடையாகத்தான் காட்டியிருக்கும். தெருவில் மேயும் வட சென்னை மாடுகளுக்கு இது மறக்கக் கூடாத கணக்கு. சினை மாட்டில் ஏறும் எடையும் அப்படித்தான், பாதி கன்றுடையது.

எண்ணை எங்கே பதிவது?

வெளிநாட்டில் மாட்டின் காதில் சிப் இருக்கும். கூண்டில் நுழையும்போதே கருவி அதைப் படித்து, எடையை அந்த மாட்டின் பெயரில் தானாகச் சேர்க்கும். நம்ம மாடுகளின் காதில் இருக்கும் மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண்ணும் பார்கோடும்தான் இருக்கின்றன, சிப் கிடையாது. 'பாரத் பசுதன்' தரவுத்தளத்தில் மாட்டின் அடையாளம் அந்த எண்தான். வீட்டுக் கணக்குக்கு அதன் கடைசி நான்கு இலக்கம், தேதி, எடை என்று நோட்டில் எழுதினாலே போதும்.

சரி, வாங்கலாமா?

இரண்டு மூன்று மாடு என்றால் வேண்டாம். கால்நடைக்கென்றே வரும் இறக்குமதி செட் ஒரு நல்ல கறவை மாட்டின் விலையைத் தாண்டிவிடும். உள்ளூர்த் தயாரிப்பு பிளாட்பார்ம் தராசு அதைவிட மலிவு, ஆனால் கூண்டும் காங்கிரீட்டும் தனிச் செலவு. அந்தக் காசுக்குத் தீவனம் வாங்கலாம். டேப்பே போதும், மாதாமாதம் ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில் பிடித்தால் பிழை குறையும். பிறந்த கன்றுக்கு அதுகூட வேண்டாம். கன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் தராசில் ஏறி, தன் எடையைக் கழித்தால் முடிந்தது. சீம்பால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர்.

இருபது முப்பது மாடு இருக்கும் பண்ணைக்கு, குறிப்பாகக் கிடேரி வளர்ப்பவருக்கு, தராசு பலன் தரும். சிறியவர்களுக்குப் பொருந்துவது பால் சங்கத்திலோ கால்நடை மருந்தகத்திலோ ஒரு கூண்டுத் தராசைப் பொதுவாக வைப்பது. தடுப்பூசிக்கும் சினை ஊசிக்கும் எப்படியும் மாட்டை ஓட்டி வருகிறார்கள். அன்றைக்கே எடையும் போட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. சொந்தக் கணக்குக்கு எடை போடுவது வேறு, அந்த எடையை வைத்து விற்பது வேறு. ஆட்டை 'உயிர் எடை கிலோ இவ்வளவு' என்று விற்பது இப்போது பரவலாகிவிட்டது. அப்படிக் கிலோ கணக்கில் மாட்டையோ ஆட்டையோ விற்றால், 2009-ம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசுக்கு அரசு முத்திரை வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. மின்னணுத் தராசு என்றால் வருடத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை. வியாபாரி கொண்டுவரும் தொங்கு தராசுக்கும் இதே விதிதான். முத்திரை இருக்கிறதா, எந்த வருடத்து முத்திரை என்று விற்பவர் கேட்டுப் பார்க்கலாம்.