வெப்பமண்டலக் கட்டிடக்கலைக் கல்வியின் வரலாறு

வெயிலும் புழுக்கமும் மிகுந்த நாடுகளில், எந்திரங்களின் துணையைக் கூடியவரை நாடாமல், உள்ளே இருப்போருக்கு இதமாக இருக்கும்படி கட்டிடங்களை அமைக்கும் முறையே வெப்பமண்டலக் கட்டிடக்கலை ஆகும். திசை, நிழல், காற்றோட்டம், கட்டுமானப் பொருள் ஆகிய நான்கும் இதன் அடிப்படைகள். இன்று இதைப் பேசிவ் வடிவமைப்பு என்றும் கூறுகின்றனர். நடைமுறையில் மிகப் பழமையான இந்த அறிவு, 1954ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு தனிக் கல்வித்துறையாக உருப்பெற்றது. வெயில் நாட்டில் வீடு கட்டும் கலையைக் குளிர் நாட்டுக்குப் போய்ப் படிக்க வேண்டி வந்த கதையே இத்துறையின் வரலாறு.

பாடமாகும் முன்

வெப்பமண்டலம் முழுவதும் ஒரே வகைக் காலநிலை கொண்டதன்று. ராஜஸ்தான் போன்ற வறண்ட பகுதிகளில் பகல் கொதிக்கும், இரவு குளிரும். அங்கே தடித்த கல்சுவர் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் தாமதப்படுத்துகிறது. கேரளம் போன்ற ஈரப்பதம் மிகுந்த பகுதிகளில் இரவும் புழுங்கும். அங்கே வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். அதற்குக் காற்று வேண்டும். ஆகவே அங்கு சரிந்த கூரையும், அகன்ற இறவாரமும், காற்று ஊடுருவும் அறைகளும் அமைந்தன. செட்டிநாட்டு வீடுகளில் முற்றம், தாழ்வாரம், சுண்ணாம்புச் சுவர், நேர்கோட்டில் அமைந்த வாசல்கள், அடுக்கடுக்கான நாட்டு ஓடு ஆகியவை சேர்ந்து இதே பணியைச் செய்தன. இந்த அறிவு பெரும்பாலும் கொத்தனாரிடமிருந்தும் ஆசாரியிடமிருந்தும் கைவேலையோடு சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் சிமென்டும் இரும்புக் கம்பியும் பரவின. தட்டையான கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலை உறிஞ்சி, இரவில் அந்த வெப்பத்தை அறைக்குள் இறக்கியது. இதில் பழுது கான்கிரீட்டினுடையது அன்று. 1930களின் இறுதியில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்திற்காகக் கட்டத் தொடங்கப்பட்ட கோல்கொண்டா விடுதியும் கான்கிரீட் கட்டிடமே. அதை வடிவமைத்த அன்டோனின் ரேமண்ட் நீண்ட பக்கங்களை வடக்கும் தெற்குமாக வைத்தார். அப்பக்கங்கள் முழுவதும் திறந்து மூடத்தக்க பலகை அடுக்குகள் உள்ளன. கூரைத் தளத்திற்கு மேல் காற்று இடைவெளி விட்டு, வளைந்த கான்கிரீட் ஓடுகள் பதிக்கப்பட்டன. புதிய பொருளைக் கொண்டும் வெயிலுக்கு ஏற்பக் கட்டலாம் என்பதை அது காட்டியது. ஆனால் அன்றைய கட்டிடக்கலை மாணவர்களுக்கு அதைக் கற்பிக்கும் முறையான பாடம் இல்லை.

ஒரு மாணவரின் கேள்வி

அக்காலத்தில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த மாணவர் பலர் பிரிட்டனுக்குச் சென்று கட்டிடக்கலை பயின்றனர். அங்குள்ள பாடங்கள் வெயிலை உள்ளே வரவழைப்பதையும் வெப்பத்தை வெளியேறாமல் காப்பதையும் நோக்கமாகக் கொண்டவை. ஊர் திரும்பியதும் அம்மாணவர்கள் செய்ய வேண்டியதோ அதற்கு நேர்மாறானது. மான்செஸ்டரில் பயின்ற நைஜீரிய மாணவர் அடெடோகுன் அடெயெமி இக்குறையை எடுத்துரைத்தார். அவருடைய முயற்சியின் விளைவாக 1953ஆம் ஆண்டில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வெப்பமண்டலக் கட்டிடக்கலை மாநாடு கூடியது. அடுத்த ஆண்டே லண்டனிலுள்ள ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியில் வெப்பமண்டலக் கட்டிடக்கலைத் துறை தொடங்கப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் சண்டிகரிலும் பணியாற்றிய மாக்ஸ்வெல் ஃபிரை அதன் முதல் தலைவரானார்.

கோனிக்ஸ்பெர்கரின் பங்கு

1957 முதல் இத்துறையை வழிநடத்தியவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். 1908இல் பெர்லினில் பிறந்த இவர் யூதர். நாஜி ஆட்சி வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். 1939இல் மைசூர் சமஸ்தானத்தின் கட்டிடக்கலைஞராக இந்தியா வந்தார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சில கட்டிடங்களையும், புவனேசுவரம் நகருக்கான திட்டத்தையும் உருவாக்கினார். விடுதலைக்குப் பின் இந்திய அரசின் வீட்டுவசதித் துறையிலும் பணிபுரிந்தார். இந்தியாவில் பெற்ற இந்த அனுபவமே லண்டன் வகுப்பறையில் பாடமாயிற்று. அங்கு பயின்றவர்களுள் ஒருவர், பின்னாளில் வங்கதேசத்தின் நவீனக் கட்டிடக்கலைக்கு வழிகாட்டியாக விளங்கிய முசாருல் இஸ்லாம்.

கோனிக்ஸ்பெர்கரும் மூவரும் சேர்ந்து எழுதிய வெப்பமண்டல வீட்டமைப்புக் கையேடு 1970களில் வெளிவந்தது. இந்தியக் கட்டிடக்கலைக் கல்லூரிகளில் அது நெடுங்காலம் பாடநூலாக இருந்துவருகிறது.

மஹோனி அட்டவணை

இத்துறை தந்த பயனுள்ள கருவி மஹோனி அட்டவணை. கார்ல் மஹோனியின் பெயரால் வழங்கும் இது, 1971இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட நூலில் இடம்பெற்றது. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. அருகிலுள்ள வானிலை நிலையம் தரும் மாதவாரியான வெப்பநிலை, ஈரப்பதம், மழை, காற்று ஆகிய விவரங்கள் போதும்.

முதலில் ஒவ்வொரு மாதத்தின் பகலும் இரவும் இதமானவையா, வெப்பமானவையா, குளிரானவையா என்று குறிக்கப்படும். அந்த எல்லை எல்லா ஊருக்கும் ஒன்றன்று. ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பொறுத்து மாறும். பின்னர் காற்றோட்டம் கட்டாயமா, மழைத் தடுப்பு வேண்டுமா, வெப்பத்தைத் தேக்கும் சுவர் வேண்டுமா, திறந்த வெளியில் உறங்க இடம் வேண்டுமா என்பன போன்ற ஆறு குறிகாட்டிகள் கணக்கிடப்படும். ஈரப்பதம் குறைந்து, பகல் இரவு வெப்ப வேறுபாடு 10 பாகை செல்சியஸைத் தாண்டும் மாதங்களில் தடித்த சுவர் உதவும். ஈரப்பதம் மிகுந்து, வேறுபாடு அதற்குக் குறைவாக உள்ள மாதங்களில் காற்றே உதவும். அந்த மாதங்களின் எண்ணிக்கையைக் கொண்டு சுவர், கூரை, சன்னல் ஆகியவற்றிற்கான பரிந்துரைகள் கிடைக்கும். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுக்கும் வழக்கமும் இவ்வாறு ஒரு வடிவமைப்பு விதியாயிற்று.

குறைகளும் மாற்று வழியும்

இத்துறை காலநிலையை நுட்பமாக அளந்தது. ஆனால் உள்ளூர்க் கைவினைஞர்களின் அறிவுக்கும் மக்களின் வாழ்க்கை முறைக்கும் உரிய இடம் தரவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் குறை கூறினர். காலப்போக்கில் துறையின் கவனமும் வீட்டிலிருந்து குடியிருப்புத் திட்டமிடலுக்கு நகர்ந்தது. 1971இல் அது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு மாறி, வளர்ச்சித் திட்டமிடல் பிரிவு ஆயிற்று.

வேறு வழியில் கற்றவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பயின்ற இவர், வகுப்பறைப் பாடத்தைவிட உள்ளூர் வீடுகளையும் அவற்றைக் கட்டியவர்களையும் தம் ஆசிரியர்களாகக் கொண்டார். திருவனந்தபுரத்தில் இவர் எழுப்பிய கட்டிடங்களில் செங்கல் சல்லடைச் சுவர்கள் காற்றை உள்ளே விட்டு, கண்கூசும் ஒளியைத் தடுக்கின்றன. இவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டுமுறையில், செங்கற்களை நிறுத்தி அடுக்குவதால் சுவருக்குள் வெற்றிடம் உண்டாகிறது. செங்கல் மிச்சமாவதோடு, வெப்பம் உள்ளே கடப்பதும் குறைகிறது.

இன்றைய நிலை

விலை குறைந்த ஏசி பரவியபின், வடிவமைப்பில் நேர்ந்த பிழையை மின்சாரத்தால் மறைப்பது எளிதாயிற்று. அறையிலிருந்து வெளியேற்றப்படும் வெப்பம் தெருவைச் சேர்கிறது. ஏசி வாங்க இயலாதவர் அதே கான்கிரீட் கூரையின் கீழ்ப் புழுக்கத்தில் இருக்கிறார். வாங்கியவரும் மின்தடையின்போது அவரைப் போலவே தவிக்கிறார். இந்நிலையில் இந்திய அரசு 2007இல் ஆற்றல் சேமிப்புக் கட்டிட விதிகளையும், 2018இல் குடியிருப்புகளுக்கான எக்கோ நிவாஸ் சம்ஹிதாவையும் வெளியிட்டது. சுவர், கூரை, சன்னல் வழியே உள்ளே வரும் வெப்பத்திற்கு இவை வரம்பு விதிக்கின்றன.

கட்டி முடித்த வீட்டிலும் கூரையில் வெள்ளை பூசலாம், சன்ஷேடை நீட்டலாம், மேற்குச் சுவருக்கு மரநிழல் தரலாம். வீட்டின் திசையையும் சன்னல்கள் எதிரெதிரே அமைவதையும் பின்னர் மாற்றுவது அரிது. வரைபட நிலையில் அவற்றைச் சரியாக அமைக்கப் பெரும்பாலும் கூடுதல் செலவில்லை. அந்த நேரத்தில் வரைபவருக்கு இவ்வறிவு இருக்க வேண்டும் என்பதே அடெயெமி எழுப்பிய கோரிக்கையின் சாரம்.