சாவா மூவாப் பேராடும் நம் சேமிப்பும்

மதுரையிலிருந்து ஆண்ட பாண்டியர்களின் கல்வெட்டுகளில் நாம் பக்தியைத் தேடுகிறோம், அரசியலைத் தேடுகிறோம். வரவு செலவுக் கணக்கைத் தேடுவோர் சிலரே. விலைவாசி ஏறும் காலத்தில் சேமிப்பை எங்ஙனம் காப்பது என்பதற்கு அக்கணக்கில் ஒரு விடை இருக்கிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண மகாராசர் திருச்செந்தூர்க் கோயில் வழிபாட்டுக்கென 1400 காசுகள் அளித்தார். அவை பல ஊராரிடம் முதலாக வைக்கப்பட்டன. முதலைத் தொடாமல், ஆண்டுதோறும் காசு ஒன்றுக்கு இரண்டு கலம் நெல் பொலிசையாக, அதாவது வட்டியாக, அளக்க வேண்டும். காசு கொடுத்தவர் வட்டியைக் காசாகக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இறைவனுக்கு வேண்டியவை அரிசியும் நெய்யும் தயிரும். நெல் விலை எவ்வளவு ஏறினாலும் மடைப்பள்ளிக்கு வரும் நெல் குறையாது.

நந்தாவிளக்குக் கொடைகளில் இவ்வறிவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சோழர் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். ஆடுகள் சாகாமலா இருந்தன? செத்ததன் இடத்தைக் குட்டி நிரப்பியது. மந்தையின் எண்ணிக்கை குறையவில்லை. அதனால்தான் நெய்யும் நாள்தோறும் வந்தது.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஓய்வு பெற்ற ஒருவர் 10 லட்சம் ரூபாயை வங்கியில் இட்டு, 7 விழுக்காடு வட்டி பெறுகிறார் எனக் கொள்வோம். ஆண்டு வரவு 70,000. முதல் அப்படியே இருக்கிறது என்று நிம்மதி கொண்டு அதனை முழுதும் செலவிடுகிறார். ரிசர்வ் வங்கிக்கு 2016இல் வகுக்கப்பட்ட பணவீக்க இலக்கே 4 விழுக்காடு. அவ்விலக்கு பிசகாமல் நிறைவேறினாலும் 18 ஆண்டுகளில் விலைகள் இருமடங்காகும். அவருடைய 10 லட்சத்தின் வாங்கும் ஆற்றல் பாதியாகும். ஆடுகள் சாகின்றன, குட்டிகளையும் அவர் விற்றுவிட்டார்.

முதலின் மதிப்பு நிலைக்க வேண்டுமெனில், முதலாண்டு வட்டியில் 40,000 ரூபாயை மீண்டும் முதலோடு சேர்க்க வேண்டும். செலவுக்கு உரியது எஞ்சிய 30,000 மட்டுமே. கசப்பான கணக்குத்தான், ஆயினும் எழுபது வயதில் அறிவதைவிட ஐம்பதில் அறிவது நன்று.

மதுரைச் சுற்றுவட்டாரத்து உழவர் வீடுகளில் விதைநெல்லையும் ஆண்டுச் சாப்பாட்டு நெல்லையும் குலுக்கையில் ஒதுக்கிய பிறகே மிச்சம் சந்தைக்குப் போகும். தேவையை அவர்கள் ரூபாயில் எண்ணவில்லை, மரக்காலில் அளந்தார்கள். முதுமைக்குத் திட்டமிடும் நாமும், எத்தனை லட்சம் என்று கேட்கும் முன், எத்தனை மூட்டை அரிசி என்று கேட்டுப் பார்ப்போமே!