கில்லட்டினுக்கு விழுந்த ஓட்டுகள்

"ஜனங்கள் கேட்கிறார்கள், அதனால்தான் மரண தண்டனையை எடுக்க முடியவில்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு 1907-ஆம் வருஷத்துப் பிரான்சு ஞாபகம் வரும்.

ஜனாதிபதி ஃபல்லியேர் மரண தண்டனைக்கு எதிரானவர். ஒழிப்பு மசோதாவும் பாராளுமன்றத்தில் இருந்தது. அந்தச் சமயத்தில், பாரிசில் ஒரு சிறுமியைக் கொன்ற சொலெய்யான் என்பவனுக்கு அவர் உயிர்ப்பிச்சை கொடுத்தார். ஊரே கொதித்தது. 'லெ பெத்தி பரிசியேன்' பத்திரிகை வாசகர்களிடம் ஓட்டுக் கேட்டது. மரண தண்டனை வேண்டும் என்றவர்கள் 10,83,655 பேர். வேண்டாம் என்றவர்கள் 3,28,692. பத்திரிகை வாசகர்களின் ஓட்டுத்தான், நாட்டின் ஓட்டு அல்ல. ஆனால் அந்தச் சத்தம் பிரதிநிதிகள் காதில் நன்றாகவே விழுந்தது. 1908 டிசம்பரில் 330-க்கு 201 என்று தண்டனை நிலைத்தது. அடுத்த மாதமே பெத்யூனில் நான்கு தலைகள் விழுந்தன.

1981-லும் கருத்துக் கணிப்பில் 62 சதவீதம் பேர் தண்டனை இருக்கட்டும் என்றார்கள். மித்தெரான் தேர்தலுக்கு முன்பே டெலிவிஷனில் தாம் எதிர்ப்பு என்று சொல்லிவிட்டுத்தான் ஜெயித்தார். மசோதா 363-க்கு 117 என்று நிறைவேறியது. எதிர்க்கட்சியிலிருந்த ஷிராக்கும் ஆதரித்தார்.

மசோதா கொண்டுவந்த நீதி அமைச்சர் பதேந்தேர் முன்பு வக்கீல். கொலை செய்தது இவரல்ல என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்ட பொந்தாம் என்பவருக்காக வாதாடியவர். 1972-ல் அவர் தலை வெட்டப்பட்ட விடிகாலையில் பதேந்தேரும் அந்தச் சிறைக்குள் இருந்தார்.