புதுக் கார் எண்ணெய் குடிப்பதேன்?

திரிங்காப் மலைச்சாலையில் பழைய லேண்ட்ரோவர் எஞ்சின் எண்ணெய் குடித்தால் நமக்கு வியப்பில்லை. புதுக் கார் குடிப்பதேன்?

1905இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி உரிமம் பெற்ற டர்போ, 1962இல் அமெரிக்கப் பெட்ரோல் கார்களில் ஏறியது. 2011இல் நம் புரோட்டோன் எக்சோராவுக்கும் வந்தது. புகையின் வேகத்தில் நிமிடத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் சுழலும் அதன் அச்சு எண்ணெய்ப் படலத்தில்தான் மிதக்கிறது. அச்சின் அடைப்பு தேய்ந்தால் எண்ணெய் கசிந்து எரியும்.

பழி முழுவதும் டர்போவுக்கன்று. 2009 முதல் 2011 வரை வந்த சில அவுடி கார்களில் பிஸ்டன் வளையங்களே சரியாக எண்ணெயை வழிக்கவில்லை, அமெரிக்காவில் வழக்காயிற்று.

அளவுக்கம்பியை இழுத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். தாப்பாவிலிருந்து ஏறும்போது சிவப்பு விளக்கு எரிந்தால், உள்ளே இரும்போடு இரும்பு உராயத் தொடங்கியிருக்கும்.